பிள்ளைகள், சிகரெட், வேப்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும், ரியூசன் வாசலிலும், சில வேளை கோயில் வீதியில் வைத்தும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலானோர் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். சிகரெட் உடம்புக்குக் கெடுதியா என்று யாரும் கேட்பதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது, அதுவும் வேப் என்ற இந்தப் புதிய இ-சிகரெட் எப்படித் தெரிகிறது என்பதில்தான் குழப்பம். பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

சின்னப் பிள்ளைக்குச் சிகரெட்டைப் பற்றி என்ன தெரியப்போகிறது?

நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே தெரியும். 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2 முதல் 6 வயது வரையான 120 பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கடை ஒன்றை அமைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டாளி வரப்போகிறார், வேண்டியதை வாங்குங்கள் என்று பொம்மைகளை வைத்து விளையாட விட்டார்கள். பழம், பால், இறைச்சி என்று அடுக்கியிருந்த சாமான்களுக்கு நடுவே சிகரெட்டும் மதுவும் இருந்தன. 28 சதவீதமான பிள்ளைகள் சிகரெட் வாங்கினார்கள். தாய் தகப்பன் புகைக்கும் வீட்டுப் பிள்ளைகள் சிகரெட்டை எடுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது.

இதற்கு முன்பே, 1991இல், இன்னொரு ஆய்வு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. கேமல் (Camel) என்ற சிகரெட்டின் விளம்பரத்தில் வந்த ஒட்டகச் சித்திரத்தை 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் காட்டி, இது எந்தப் பொருளுக்கு உரியது என்று கேட்டார்கள். 6 வயதுப் பிள்ளைகளில் 10 பேருக்கு 9 பேர் சரியாகச் சிகரெட் படத்தோடு பொருத்தினார்கள். மிக்கி மவுஸை அடையாளம் கண்ட அளவுக்கு அந்த ஒட்டகத்தையும் கண்டுகொண்டார்கள். 1997இல் அந்த விளம்பரத்தைக் கைவிட வேண்டிவந்தது.

அந்த வயதுப் பிள்ளைக்குச் சிகரெட்டில் ஆசை கிடையாது. பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். ஆனால் பெரிய ஆட்கள் ஒன்றுகூடினால் இருக்கவேண்டிய சாமான்களில் இதுவும் ஒன்று என்று மனதில் பதித்துக்கொள்ளும். பின்னாளில் வேலை செய்வது அந்தப் பதிவுதான்.

எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. பிறகு எங்கேயிருந்து பார்க்கிறார்கள்?

ஒரு செத்த வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தலுக்குள் தட்டம் சுற்றிவரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு சுருட்டும் பீடியும், சில வீடுகளில் சிகரெட்டும். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது யார்? பத்துப் பன்னிரண்டு வயதுப் பெடியன். "தம்பி, அந்த மாமாவிட்டையும் ஒருக்காக் கொண்டுபோய் நீட்டு" என்று பெரியவர் ஒருவர் ஏவிக்கொண்டிருப்பார். அந்தப் பெடியனுக்கு அன்றைக்குக் கிடைக்கும் பாடம் மரியாதையைப் பற்றியது. வந்த மனிதரை மதிப்பதென்றால் சுருட்டும் நீட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். நுரையீரல் புற்றுநோய் அந்தப் பாடத்தில் வராது.

அடுத்தது கடை. "ஓடிப்போய் ஒரு கோல்ட் லீஃப் வாங்கிக்கொண்டு வா, மிச்சக் காசுக்கு ரொபி வாங்கு." இது இன்றும் நம் ஒழுங்கைகளில் கேட்கும் வாக்கியம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சிகரெட் வாங்கும் வேலைக்குக் கூலியாக இனிப்பு கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பிறகு படங்கள். நம் உள்ளூர்த் தொலைக்காட்சிகள் சிகரெட்டை மங்கலாக்கிக் காட்டுகின்றன. அந்த மங்கலுக்குள் என்ன இருக்கிறதென்று அறியாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. கைத்தொலைபேசியில் அந்த மங்கலும் கிடையாது. ரஜினி சிகரெட்டைத் தூக்கி எறிந்து வாயால் பிடித்த காலத்தில் அதைப் பார்த்துப் பழகிய பெடியன்கள்தான் இன்றைக்குத் தகப்பன்மார் என்பதால், இதை இளந்தலைமுறையின் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கவும் நமக்கு வாயில்லை.

எட்டு வயதில் "சீ, கூடாது" என்றவன் பதினாலு வயதில் ஏன் மாறுகிறான்?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உலகம் கூடும், கூடாது என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்த வயதுப் பிள்ளைதான் வீட்டில் பொலிஸ்காரன். அப்பாவின் சிகரெட் பெட்டியை ஒளித்து வைக்கும், மாமாவுக்குப் புத்தி சொல்லும். பெற்றோர் இதைப் பார்த்து, என்ர பிள்ளை ஒருநாளும் தொடாது என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

12 வயதுக்கு மேல் கணக்கு வேறு. கெடுதி என்பது அப்போதும் தெரியும், பரீட்சையில் கேட்டால் எழுதுவார்கள். அதோடு இன்னொரு கணக்கும் ஓடத் தொடங்கும்: இதைப் பிடிப்பவன் யார், பிடிக்காவிட்டால் நான் யாராகத் தெரிவேன். சந்தியில் மதகில் இருக்கும் அண்ணன்மாரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன், பயமில்லாதவன், பெரியவர்களை எதிர்த்துப் பேசுபவன் கையில் அது இருக்கும். முப்பது வருடம் கழித்து வரும் நோய் பதினாலு வயதுக்குக் கதை மாதிரி. நாளைக்கு ரியூசனில் தன்னை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் நிஜம்.

இன்னொன்றும் உண்டு. தன் வயதுப் பெடியன்களில் எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று கேட்டால், பிள்ளைகள் உண்மையைவிடக் கூட்டியே சொல்வார்கள். பிடிக்கும் நாலு பேர் சத்தமாக இருப்பார்கள், பிடிக்காத முப்பது பேரும் பேசமாட்டார்கள். "எல்லாரும் பிடிக்கிறாங்கள்" என்று உங்கள் மகன் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. "உன்ர வகுப்பில ஆர் ஆர்? எண்ணிச் சொல்லு" என்று கேளுங்கள். எண்ணத் தொடங்கினாலே தொகை சுருங்கிவிடும்.

வேப்பை ஏன் அவர்கள் சிகரெட்டாகவே பார்ப்பதில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

நாம் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமும் சொல்லிக்கொடுத்தது புகை கூடாது என்பதை. புகை மணம், புகைக்கரி படிந்த நுரையீரல் படம், இருமல், மஞ்சள் பல், விரலில் கறை. எல்லாம் புகையின் அடையாளங்கள். நிகோட்டின் என்று ஒன்று இருக்கிறது, ஆளைப் பிடித்து வைப்பது அதுதான் என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளை தனக்குக் கற்பித்ததை வைத்துச் சரியாகவே யோசிக்கிறது: வேப்பில் நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, கறை இல்லை, மாம்பழ வாசம் அடிக்கிறது. ஆகவே இது சிகரெட் இல்லை. ஆகவே அம்மா கூடாது என்று சொன்னது இது இல்லை.

பொருளின் தோற்றமும் அந்த முடிவுக்குத் துணைபோகிறது. பென் டிரைவ் போலவும், வண்ணப் பேனை போலவும், ஹைலைட்டர் போலவும் வேப்கள் வருகின்றன. தர்ப்பூசணி, ஸ்ட்ரோபெரி, பபிள்கம், கோலா என்று சுவைகள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சந்தையில் குறைந்தது 16,000 சுவைகள் இருப்பதாகச் சொன்னது. நாற்பது வயதுக்காரர் சிகரெட்டை விடுவதற்குப் பபிள்கம் சுவை எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் விடயம் ஒன்று: வேப் இழுக்கும் பிள்ளைகளில் பலர் தாம் இழுப்பது வெறும் வாசனை என்றே நினைக்கிறார்கள், அதில் நிகோட்டின் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அது நீராவிதானே?

இல்லை. உள்ளே இருப்பது புரொப்பிலின் கிளைக்கோல், கிளிசரின் ஆகிய திரவங்கள், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிகோட்டின். மின்கலத்தால் சூடாகும் சிறு கம்பிச் சுருள் அந்தத் திரவத்தைக் கொதிக்க வைக்கிறது. வெளியே வருவது மிக நுண்ணிய துளிகள். கூடவே சூட்டில் உண்டாகும் ஃபோர்மல்டிஹைட் போன்ற இரசாயனங்களும், சுருளிலிருந்து கழன்றுவரும் உலோகத் துகள்களும் கொஞ்சம் வரலாம்.

சிகரெட் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன, ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. வேப்பில் அந்தப் பட்டியல் மிகவும் சிறியது, இதை மறைக்கத் தேவையில்லை. "இரண்டும் ஒன்றுதான்" என்று பிள்ளையிடம் சொன்னீர்கள் என்றால் அது கூகிளில் தேடிப் பார்த்துவிட்டு உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்பாமல் விட்டுவிடும். குறைவாகக் கெடுதி செய்வது என்பது வேறு, சுவாசிக்க உகந்தது என்பது வேறு. சிகரெட்டே பிடிக்காத பிள்ளைக்கு அந்த ஒப்பீட்டால் எந்த இலாபமும் இல்லை. அது ஒப்பிடவேண்டியது நல்லூர் வீதிக் காற்றோடு.

2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களிடையே கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவியதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சாரம் சேர்த்த திரவங்களில் கலந்திருந்த விற்றமின் ஈ அசற்றேற் என்ற பொருளே அதற்கு முக்கிய காரணம் என்று கண்டார்கள். எல்லா வேப்பும் அப்படிக் கொல்லும் என்று சொல்வது சரியல்ல. ஆனால் கள்ளமாக வரும் குப்பிக்குள் யார் எதைக் கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பது அதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கைக்கு வருவதும் அப்படி வருவதுதான்.

"நிகோட்டின் இல்லை" என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே?

எழுதியிருக்கலாம். அப்படி எழுதப்பட்ட சில பொருட்களைப் பரிசோதித்தபோது நிகோட்டின் இருந்ததைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாத சந்தையில் வந்த பெட்டியின் எழுத்தை நம்பவேண்டாம்.

சரி, நிகோட்டினைப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இதில் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கொழும்புப் பெற்றோரைவிட வசதி அதிகம். நம் மண்ணிலேயே உதாரணம் கிடக்கிறது.

வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை தலைமுறை தலைமுறையாக விளைகிறது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. நம் ஊர்ச் சுருட்டை விற்கும் சுருட்டுக் கடைகள் தெற்கிலும் இருந்தன. எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பித்தது புகையிலைக் காசு. இதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை, பிள்ளையிடம் அப்படியே சொல்லலாம்.

அப்புறம், தோட்டம் செய்த ஒருவரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பூச்சிக்கு அடிப்பது பற்றி அவர் சொல்வார். புகையிலைச் செடி நிகோட்டினை உண்டாக்குவதே தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைத் துரத்தத்தான். நிகோட்டினைப் பூச்சிநாசினியாகவே ஒரு காலத்தில் உலகெங்கும் விற்றார்கள். ஈரமான புகையிலை இலையோடு நாள்முழுக்க வேலை செய்தவருக்குத் தலைசுற்றும், சத்தி வரும். இலையிலிருந்து நிகோட்டின் தோல்வழியாக உள்ளே போவதால் வரும் நோய் அது, மருத்துவத்தில் அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர். இதில் எங்கேயும் புகை இல்லை, நெருப்பு இல்லை. இதைக் கேட்ட பிள்ளைக்கு, புகை இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை என்ற கணக்கு தானாகவே உடையும்.

அதற்குப் பிறகு மூளைக்கு வரலாம். இழுத்த நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே இன்ப உணர்வைத் தரும் டோபமின் சுரக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது வடிந்துவிட, மூளை திரும்பக் கேட்கிறது. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், பதின்ம வயதில் இந்தப் பழக்கம் வேகமாகவும் ஆழமாகவும் ஏறும். தினமும் பிடிக்கத் தொடங்கும் முன்பே, எப்போதாவது பிடிக்கும் கட்டத்திலேயே சில பிள்ளைகளுக்கு அடிமைப்படுதலின் அறிகுறிகள் வந்துவிடுகின்றன. "நான் எப்பவாவதுதான், நினைச்சா விட்டிடுவன்" என்று நம்பும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும்.

இன்னொரு தகவலும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. பழைய சிகரெட்டை முதல் தடவை இழுப்பவன் இருமி, தொண்டை எரிந்து, பாதியில் எறிவான். உடம்பே தடுத்தது. 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற வேப், நிகோட்டின் உப்பு என்ற வடிவத்தைப் பரவலாக்கியது. அது தொண்டையை எரிக்காமல் கூடிய அளவு நிகோட்டினை உள்ளே விடும். மூன்றே வருடத்தில், 2018 டிசம்பரில், அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி இளையோரின் வேப் பழக்கத்தைக் கொள்ளைநோய் என்று அறிவிக்கும் நிலை வந்தது. தங்களைக் குறிவைத்து யாரோ காசு பண்ணுகிறார்கள் என்ற கதை பதினைந்து வயதுக்காரருக்கு நோய்க் கதையைவிட நன்றாக உறைக்கும். அந்த வயதில் ஏமாறுவது போல அவமானம் வேறில்லை.

"சோதனை டென்ஷன், இதை இழுத்தா மனசு ஆறுது" என்கிறாள் மகள்.

அவள் சொல்வது பாதி உண்மை. இழுத்தவுடன் ஆறுவது மெய். ஆனால் ஆறுவது எது? கடைசியாக இழுத்ததன் நிகோட்டின் இறங்கியதால் வந்த பதற்றம். நிகோட்டினின் பாதி அளவு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து போய்விடுகிறது, எரிச்சலும் கவனச்சிதறலும் தொடங்குகின்றன. பசியில்லாத ஆளுக்குப் பசியை வரவழைத்துவிட்டுச் சோறு விற்பது மாதிரியான வியாபாரம் இது. ஏ/எல் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கவனம் கலைவது என்ன நட்டம் என்று அவளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதேவேளை, சோதனைப் பயம் என்று அவள் சொன்ன காரணத்தைத் தள்ளிவிடாதீர்கள். காலை ஐந்தரைக்கு ஒரு ரியூசன், பாடசாலை விட்டதும் இன்னொன்று, இரவு மூன்றாவது என்று ஓடும் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

பெண் பிள்ளைகளுமா?

இலங்கையில் பெண்கள் புகைப்பது மிகக் குறைவு. அதனால் பெற்றோர் ஆண் பிள்ளையின் சட்டையை மட்டும் மணந்து பார்க்கிறார்கள். பெண்களைச் சிகரெட்டிலிருந்து தள்ளி வைத்தது பெரும்பாலும் சமூகத்தின் பார்வையும் அந்த மணமும்தான். வேப்பில் மணம் பூவாசம், இழுத்தது தெரியாது, கைப்பைக்குள் உதட்டுச்சாயம்போலக் கிடக்கும். நான் சந்தேகத்தோடு யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. மகனோடு பேசும் அதே பேச்சை மகளோடும் பேசுங்கள் என்கிறேன்.

லண்டனில் இருந்து வந்த மச்சான் "அங்க டொக்டரே குடுக்கினம்" என்று சொல்லிவிட்டான். என்ன பதில் சொல்வது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இந்தக் கேள்வி கூடும். மச்சான் முழுப் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2023இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள், புகைக்கும் 10 இலட்சம் பேருக்கு அதை விடுவதற்காக வேப் கொடுப்பது என்று. வளர்ந்தவர்கள் சிகரெட்டை விட, நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டி போன்றவற்றைவிட வேப் கூடுதலாக உதவுகிறது என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வும் 2022இல் சொன்னது.

மச்சான் சொல்லாமல் விட்டது மிச்சம். அங்கேயும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. பிள்ளைகளிடம் பரவியதும் ஒரு காரணமாகி, ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடைசெய்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து மருந்தகத்தில் மட்டுமே வாங்கலாம். இந்தியா 2019இல் விற்பனையையே தடைசெய்தது. சிங்கப்பூருக்குக் கொண்டுபோனால், வைத்திருப்பதே குற்றம். "அங்கே எல்லாம் சாதாரணம்" என்ற பேச்சு அங்கேயே பழசாகிவிட்டது.

விருந்தாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். "தம்பி, பிள்ளைகளுக்கு முன்னால வேண்டாம்" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். வெளிநாட்டு அண்ணன் செய்வதெல்லாம் நம் பிள்ளைகளின் கண்ணில் ஒரு படி உயர்ந்துதான் தெரியும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் முக்கியமானது. அதன்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, விளம்பரம் கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கக்கூடாது. 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை இருக்கவேண்டும். 2016 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி, வாயில் அடக்கும் புகையிலைப் பொருட்கள், வாசனையும் இனிப்பும் ஊட்டிய சிகரெட்டுகள், புகையிலை கலந்த இ-சிகரெட்டுகள் ஆகியவற்றை உற்பத்தி செய்வதையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. ஆகவே பிள்ளையின் கையில் இருக்கும் வேப், ஒழுங்கான கடையில் பில் போட்டு வாங்கியதாக இருக்க வாய்ப்பில்லை.

பெட்டியில் இருக்கும் கோரப் படங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தாதா?

பெட்டியைப் பார்த்தால்தானே? இங்கே பிள்ளை பார்ப்பது சில்லறையாக விற்கும் ஒற்றைச் சிகரெட். கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டுவார், படம் கடையிலேயே இருந்துவிடும். சில்லறை விற்பனை ஒழியாத வரை அந்த 80 சதவீதத்தின் பயன் பாதியாகிவிடுகிறது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணம் உட்பட நாட்டின் சில ஊர்களில் வணிகர்கள் தாமாகவே சிகரெட் விற்பதை நிறுத்தியிருக்கிறார்கள். சட்டத்தைவிட அது பிள்ளைகள் கண்ணில் பெரிதாகப் படும்.

அப்பப்பா சுருட்டுப் பிடித்தே தொண்ணூறு வரை இருந்தாரே?

இருந்தார். அவரோடு பிடித்த கூட்டாளிமார் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். இருப்பவரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் எதுவும் கெடுதி இல்லை. தவிர, அப்பப்பா பிடித்தது நாளுக்கு ஒன்றோ இரண்டோ, சாப்பிட்டபின், முற்றத்தில். வேப்புக்கு முடிவு என்று ஒன்று இல்லை, படுக்கையில் போர்வைக்குள்ளேயும் இழுக்கலாம். அம்மம்மா வெற்றிலையோடு போட்ட புகையிலைக்கும் இதே கேள்வி வரும். வாய்ப்புற்றுநோய்க்கு வெற்றிலை, பாக்கு, புகையிலைக் கூட்டு முக்கிய காரணங்களில் ஒன்று.

முனியப்பருக்கே சுருட்டு வைக்கிறார்களே என்று கேட்கிறான்!

கெட்டிக்காரப் பிள்ளை. சில காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டுதான். முனியப்பருக்கு நுரையீரல் இல்லை என்று சொல்லிச் சிரித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் பிரசங்கம் தேவையில்லை.

மாவா பற்றி?

பாக்கோடு புகையிலையும் சுண்ணாம்பும் வேறு கலவைகளும் சேர்த்து விற்கும் மாவாவையும் பிள்ளைகள் சிகரெட் கணக்கில் சேர்ப்பதில்லை. காரணம் அதே காரணம்: புகை இல்லை. உண்மையில் இங்கே வேப்பைவிட மலிவாகவும் சுலபமாகவும் கிடைப்பது இதுதான். வேப்பைப் பற்றி மட்டும் பதறிக்கொண்டு இதை விட்டுவிடாதீர்கள்.

நானே புகைக்கிறேன். என்ன முகத்தோடு சொல்வேன்?

புகைக்கும் தகப்பன் உண்மையாகப் பேசினால் அதற்குத் தனி வலு உண்டு. "நான் பதினாறில தொடங்கினன், எத்தினையோ தரம் விடப் பார்த்தன், இன்னும் விட முடியேல்லை" என்ற ஒரு வாக்கியம் பத்துச் சுவரொட்டிக்குச் சமம். நிகோட்டின் என்ன செய்யும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி. ஒளித்துப் பிடித்துவிட்டு மறுப்பதுதான் கெடுக்கும், பிள்ளைக்கு மணம் தெரியும். வீட்டுக்குள்ளும் ஓட்டோவுக்குள்ளும் பிடிக்காதீர்கள். பக்கத்தில் வரும் புகையால் பிள்ளைக்கு ஆஸ்துமாவும் காதுத் தொற்றும் கூடும். கடைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பையில் வேப் கண்டேன். என்ன செய்வது?

அன்றிரவே அடிபோடாதீர்கள். அடித்தால் அடுத்தது இன்னும் நன்றாக ஒளிக்கப்படும், அவ்வளவுதான். உங்கள் கோபம் தணிந்தபின், தகப்பனும் தாயும் சேர்ந்து நீதிமன்றம் போடாமல், ஒருவர் தனியாகப் பேசுங்கள். "இது ஆற்றை?" என்று தொடங்கினால் "கூட்டாளிந்தை" என்ற பதில்தான் வரும். "இதில என்ன இருக்கெண்டு உனக்குத் தெரியுமா? எனக்கும் சரியாத் தெரியாது, பார்ப்பம்" என்று தொடங்கினால் பேச்சு நீளும். எத்தனை நாளாக, காலை எழும்பியவுடன் தேவைப்படுகிறதா, இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறதா என்று மெல்லக் கேளுங்கள். காலையில் எழும்பியதும் தேவைப்படுகிறது என்றால் அது வெறும் விளையாட்டு இல்லை, உதவி தேவை. எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஆனால் அது முதல் கேள்வியாக இருந்தால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் நின்றுவிடும்.

பாடசாலைக்குத் தெரியவந்தால் விலக்கிவிடுவார்களோ என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது. நம்பகமான ஓர் ஆசிரியரிடமோ, ஆலோசனை வழங்கும் ஆசிரியரிடமோ முதலில் நீங்களே பேசுவது நல்லது.

சின்னத் தம்பி அந்தத் திரவத்தைக் குடித்துவிட்டால்?

காத்திருக்க வேண்டாம். செறிவான நிகோட்டின் திரவம் சிறிதளவு உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு ஆபத்து. சத்தி, எச்சில் வடிதல், வியர்வை, முகம் வெளுத்தல், பிறகு வலிப்பும் வரலாம். வாயில் விரலைவிட்டுச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். தோலில் பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள்.

விட நினைக்கும் பிள்ளைக்கு எங்கே உதவி?

1948 என்ற இலக்கம் புகைப்பழக்கத்தை விட ஆலோசனை தரும் தேசிய சேவை. மன அழுத்தமும் சேர்ந்திருந்தால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். மருந்தகத்தில் நிகோட்டின் சூயிங்கத்தை நீங்களாக வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம். எரிச்சல், நித்திரைக் குழப்பம், கூடிய பசி எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாட்களில் பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினாலும், கதவை அறைந்து சாத்தினாலும், அதற்கு ஒரு தனி வழக்குப் போடாமல் விடுங்கள். ஏ/எல் பரீட்சைக்கு முந்திய கிழமையில் தொடங்கவும் வேண்டாம், தவணை விடுமுறை நல்ல நேரம்.